தொட்டியில் கிடக்கும் க்யூப்



பட்டம் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே, மேடைக்கு வருமுன் உங்கள் கான்கிரீட் லேபுக்குப் போய்விட்டு வந்தேன். ஈரச் சிமென்ட்டும் இயந்திர எண்ணெயும் கலந்த அதே வாசம். வலுவைச் சோதிக்க முப்பது வருடம் கான்கிரீட் க்யூப் உடைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். 150 மில்லிமீட்டர் க்யூப். எம்25 கலவை என்றால் ஏறத்தாழ 57 டன் தாங்க வேண்டும். ஒழுங்காக உடைந்ததில் ஓரத்து உதிரியைத் தட்டிவிட்டால், மிச்சம் உடுக்கை மாதிரி நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாலத்து க்யூப்கள் வந்தன. மூன்று வாரத்தில் வெவ்வேறு நாள் வார்த்தவை. ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். எனக்கு ஒரே சந்தோஷம். மூத்த டெக்னீஷியன்தான் சொன்னார்: "தம்பி, இது பாலத்துல போட்ட கலவை இல்ல. லேபுக்குன்னே தனியாப் பண்ணினது." மணலின் ஈரம், வெயில், கலவை போடுகிறவர் கை எல்லாம் தினம் மாறும்போது எண் மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-ஏ ஒரு மாதிரியின் மூன்று க்யூப்களுக்குள் சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை ஒப்புக்கொள்கிறது. அன்று முதல், ரிப்போர்ட் ரொம்ப அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

க்யூபை வார்த்த 28-ஆம் நாள் உடைத்துப் பார்ப்பதும் நம் வசதிக்கு வைத்துக்கொண்ட கெடு. பாலத்துக்கு அது தெரியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1910, 1923, 1937 ஆண்டுகளில் கான்கிரீட் உருளைகளை வார்த்து, மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் போட்டுவைத்தார்கள். 1975-இல் வெளியான முடிவுகளைப் படித்துப் பாருங்கள். கரகரப்பாக அரைத்த பழைய சிமென்ட், 25, 50 ஆண்டுவரை வலுவேறிக்கொண்டே போயிருந்தது. 1937-இன் நைசான சிமென்ட்டோ பத்து ஆண்டோடு நின்றுவிட்டது. சிலது இறங்கவும் செய்தது. 28-ஆம் நாள் இரண்டையும் பார்த்தவர் எதைப் பாராட்டியிருப்பார்?

அங்கே வார்த்த கை வேறு, உடைத்த கை வேறு. இடையில் யாரோ தேதியைக் குறித்து, அடுத்தவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

காலையில் உங்கள் லேபின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு க்யூபைப் பார்த்தேன். மேலே சிவப்புப் பெயின்ட்டில் '365 நாள்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் இப்போது இந்த அரங்கில் அங்கியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று உங்கள் லேப் உதவியாளர் சொன்னார். ஊருக்குக் கிளம்புமுன் அதை உடைக்க வேண்டிய தேதியை எந்த ஜூனியரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?