டீசல் போகிறது, மின்சாரம் வருகிறது: பதிவுக் கணக்கு சொல்லும் செய்தி

(மோட்டார் தொழிலாளரும் ஒர்க்‌ஷாப் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள், ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடிக்கிறவர்கள், லேத் பட்டறைக்காரர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இங்கே கூடியிருக்கிறோம். நம் எல்லோருடைய சோற்றுக்கும் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. மாதா மாதம் எத்தனை புது வண்டி பதிவாயிற்று, அதில் பெட்ரோல் எத்தனை, டீசல் எத்தனை, காஸ் எத்தனை, மின்சாரம் எத்தனை என்று அந்தக் கணக்கு சொல்கிறது. முதலாளிகள் அதைத் தவறாமல் படிக்கிறார்கள். எந்த ஆலையைத் திறப்பது, எதை மூடுவது என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த ஆலையில் வேலை செய்கிறவனும், அந்த வண்டியை ஓட்டுகிறவனும் மட்டும் அதைப் படிக்காமல் இருப்பானேன்? இன்று நாம் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

கணக்கைப் படிக்கும் முறை

முதலில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: கம்பெனிக்காரர் சொல்லும் விற்பனை வேறு, பதிவு வேறு. ஆலையிலிருந்து டீலரின் கொட்டகைக்கு வண்டி போய்ச் சேர்ந்ததுமே கம்பெனி அதை விற்பனை என்று எழுதிக்கொள்ளும். கொட்டகையில் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும் வண்டியும் அந்தக் கணக்கில் சேரும். ஆர்.டி.ஓ. பதிவு என்பது ஒருவர் பணம் கட்டி நம்பர் வாங்கிய வண்டி. ஆகவே மக்கள் உண்மையில் என்ன வாங்கினார்கள் என்று அறிய பதிவுக் கணக்கே மேல்.

இரண்டு: புது வண்டி வேறு, ரோட்டில் ஓடும் வண்டி வேறு. ஒரு வருஷத்தில் வந்து சேரும் புது வண்டி, ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒரு சிறு பகுதிதான். குளத்தில் விழும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. வாய்க்காலில் தண்ணீரின் நிறம் மாறினால் குளத்தின் நிறம் அன்றே மாறிவிடாது. ஆனால் குளம் நாளை எப்படி இருக்கும் என்பதை வாய்க்கால் இன்றே சொல்லிவிடும்.

இதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். டீசல் கார் ஒழிந்துபோயிற்று என்று பேசுகிறோம். ஆனால் 2024-25 ஆம் நிதியாண்டில் நம் நாட்டில் செலவான டீசல் 9 கோடி டன்னுக்கு மேல். பெட்ரோல் சுமார் 4 கோடி டன்தான். லாரியும், பஸ்ஸும், டிராக்டரும், மீன்பிடி விசைப்படகும் இன்னும் டீசலில்தான் ஓடுகின்றன. சொந்தக் கார் வாங்குகிறவர் டீசலை விட்டுவிட்டார். சுமை இழுக்கிறவர் விடவில்லை, விடவும் முடியவில்லை. சதவிகிதக் கணக்கை மட்டும் பார்த்தால் இது கண்ணுக்குப் படாது.

டீசல் ஏறியதும் இறங்கியதும்

இனி கதைக்கு வருவோம். 2010 ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. டீசல் விலையைக் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தது. விவசாயியின் பம்பு செட்டுக்கும், அரிசி பருப்பு ஏற்றிவரும் லாரிக்கும் டீசல் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். நியாயம் சரியானதே. ஆனால் விளைவு என்ன? 2012 மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியது. டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! உடனே வசதி படைத்தவர்களெல்லாம் டீசல் கார் வாங்க வரிசையில் நின்றார்கள். 2012-13 இல் விற்ற கார், ஜீப் வகைகளில் பாதிக்கு மேல் டீசலாகிவிட்டன. ஏழை விவசாயியின் பெயரால் கொடுத்த சலுகையைப் பெரிய காரில் போகிறவரும் பங்கு போட்டுக்கொண்டார்.

பிறகு சர்க்கார் திரும்பியது. 2013 ஜனவரியிலிருந்து மாதா மாதம் சுமார் 50 பைசாவாக டீசல் விலையை உயர்த்தியது. 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை அடியோடு நீக்கியது. அந்தச் சமயம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவின் பலன் மக்களுக்கு வந்ததா? 2014 ஆரம்பத்தில் டீசல் மீது மத்திய எக்சைஸ் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 பைசா. 2020 மே மாதத்தில் அதே வரி 31 ரூபாய் 83 பைசா. கச்சா எண்ணெய் மலிந்ததன் பலனைப் பெருமளவு கஜானா எடுத்துக்கொண்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2021-லும் 2022-லும் வரியைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை.

விலை வித்தியாசம் சுருங்கியதும் டீசல் கார் வாங்குவோர் குறைந்தனர். கோர்ட்டுகளும் தலையிட்டன. 2015 டிசம்பரில், டில்லி வட்டாரத்தில் 2000 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்யவே சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. எட்டு மாதம் கழித்து, விலையில் நூற்றுக்கு ஒன்று வரி கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தடை நீங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 புகை விதி வந்தது. டீசல் எஞ்சினை அந்த விதிக்கு ஏற்றபடி திருத்துவது செலவு பிடிக்கும் வேலை. நாட்டின் மிகப் பெரிய கார் கம்பெனியான மாருதி அந்தத் தேதியோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. பாதிக்கு மேலிருந்த டீசலின் பங்கு இன்று ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. 2024-25 இல் சி.என்.ஜி. கார்கள் டீசல் கார்களை எண்ணிக்கையில் முந்திவிட்டன.

இது எதைக் காட்டுகிறது? ஜனங்களின் ருசி மாறி டீசல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விலையும், வரியும், விதியும் மாறின. பதிவுக் கணக்கு அவற்றின் பின்னால் போயிற்று.

முதலில் மாறியது யார்?

இப்போது மின்சார வண்டி. 2024-25 நிதியாண்டில் நாட்டில் சுமார் 2 கோடியே 61 லட்சம் வண்டிகள் புதிதாகப் பதிவாயின. அவற்றில் மின்சார வண்டிகள் 19 லட்சத்துக்கு மேல். அதாவது நூற்றுக்கு ஏழரை. பத்திரிகை விளம்பரத்தில் நாம் பார்ப்பது பளபளக்கும் மின்சாரக் கார். கணக்கில் பார்த்தால் அந்தக் கார்கள் 1 லட்சத்தைச் சற்றுத் தாண்டியவைதான். புதுக் கார் நூறில் மூன்றுகூட இல்லை. ஸ்கூட்டர், பைக் வகையில் சுமார் பதினொன்றரை லட்சம், நூற்றுக்கு ஆறு. மூன்று சக்கர வண்டியில்? பதிவான 12 லட்சத்துச் சொச்சத்தில் சுமார் 7 லட்சம் மின்சாரம்! பாதிக்கு மேல் மாறிவிட்டது.

ஆக, மின்சாரத்துக்கு முதலில் மாறியவன் பங்களாக்காரன் அல்லன். உத்தரப் பிரதேசத்திலும், பீஹாரிலும், டில்லியிலும் ஈ-ரிக்‌ஷா ஓட்டும் உழைப்பாளிதான். சைக்கிள் ரிக்‌ஷா மிதித்து நெஞ்சு வலித்தவர்களும், கிராமத்தில் வேலையற்றுப் பட்டணம் வந்தவர்களும் கடன் வாங்கி, ஈயப் பாட்டரி போட்ட வண்டியை ஓட்ட ஆரம்பித்தார்கள். 2014 ஜூலையில் டில்லி ஹைகோர்ட் அந்த வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2015 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. எந்த விளம்பரமும் அவர்களை மாற்றவில்லை. நாள் முழுதும் ஓட்டிய பின் கையில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்குத்தான் மாற்றியது.

மானியத்தின் கை

ஸ்கூட்டர் விஷயத்தில் சர்க்கார் மானியத்தின் கை தெளிவாகத் தெரிகிறது. 2023 ஜூன் 1 முதல் மத்திய சர்க்கார் மின்சார ஸ்கூட்டருக்கான மானியத்தைக் குறைத்தது. குறைப்பதற்கு முன், மே மாதத்தில் 1 லட்சத்துக்கு மேல் பதிவாயின. ஜூனில் அதில் பாதிகூட இல்லை. பிறகு மெல்ல மெல்ல மீண்டது. 2010-க்கும் 2024-க்கும் இடையில் உலகத்தில் லித்தியம் பாட்டரி விலை நூற்றுக்குச் சுமார் 90 பங்கு விழுந்ததால் மானியம் குறைந்தும் வண்டி நிலைத்தது.

வரியையும் பாருங்கள். 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். சாதாரணப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28 சதவிகிதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. இரண்டுக்கும் இடையில் 23 புள்ளியாக இருந்த வித்தியாசம் 13 ஆகச் சுருங்கியது. இனி வரும் மாதங்களின் பதிவைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நம் நாடு கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அந்தச் செலவு குறைவது நல்லதே. பட்டணத்தில் புகை குறைவதும் நல்லதே. ஆனால் பாட்டரியின் செல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே மோட்டார் செய்யும் ஆலைகள் திகைத்தன. மின்சாரத்தையும் நாட்டில் பெரும் பகுதி நிலக்கரியில்தான் எடுக்கிறோம். வண்டியின் வாலில் புகை இல்லை என்றால் புகையே இல்லை என்று அர்த்தமல்ல; அது எண்ணூருக்கும் மேட்டூருக்கும் இடம் மாறியிருக்கலாம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் வளர்கிற அளவுக்குத்தான் இந்த மாற்றத்தின் முழுப் பலன் கிடைக்கும்.

நம் வேலை என்னவாகும்?

இப்போது நம் விஷயம். பெட்ரோல் எஞ்சின் என்றால் பிஸ்டன், ரிங், வால்வு, கிராங்க் ஷாப்ட், ஆயில் பம்பு, ரேடியேட்டர், சைலன்சர், கிளட்ச் பிளேட் என்று ஒரு பட்டியல் உண்டு. அம்பத்தூரிலும், கோயம்புத்தூரிலும், ஸ்ரீபெரும்புதூரிலும் எத்தனை ஆலைகள், எத்தனை சிறு பட்டறைகள் இந்தப் பட்டியலை நம்பி நடக்கின்றன! மின்சார ஸ்கூட்டரில் இவற்றில் அநேகமாக எதுவும் கிடையாது. மோட்டார், கன்ட்ரோலர், பாட்டரி, அவ்வளவுதான். பிரேக்கும், டயரும், ஷாக் அப்சார்பரும் இருக்கும். ஆயில் மாற்றும் வேலை இருக்காது. தெருமுனை மெக்கானிக்கின் பிழைப்பில் பாதி ஆயில் மாற்றுவதிலும் பிளக் துடைப்பதிலும் இருக்கிறது. புது வண்டி பழுதானால் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் பூட்டு கம்பெனியிடம் இருக்கிறது.

அதே தமிழ்நாட்டில்தான் ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் எழுந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியான வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. புது வேலை வருகிறது என்பது உண்மை. ஆனால் பழைய வேலை போகிறவருக்கே அந்தப் புது வேலை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அதுவே சொன்னது. மறைமலைநகர் ஆலை 2022 இல் நின்றது. அங்கே காரணம் மின்சாரமல்ல, நஷ்டம் என்றார்கள். காரணம் எதுவானாலும் முதலாளி எடுத்த முடிவின் பாரத்தைத் தொழிலாளிதான் சுமந்தான்.

பஸ்ஸைப் பாருங்கள். சென்னையில் 2025 ஜூன் 30 ஆம் தேதி வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓட ஆரம்பித்தன. புகையில்லை, சத்தமில்லை, பயணிகளுக்குச் சுகம். நாமும் வரவேற்கிறோம். ஆனால் பஸ் யாருடையது? தனியார் கம்பெனியுடையது. டிரைவர் கம்பெனியின் ஆள். கண்டக்டர் மட்டும் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். எண்ணெயை மாற்றுகிறோம் என்று சொல்லி, சொந்தக்காரனையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள்! பாட்டரியில் ஓடும் பஸ் கழகத்துக்குச் சொந்தமாக இருந்தால் ஓட மறுக்குமா? அதை ஓட்டும் டிரைவருக்கு நிரந்தர வேலையும் பென்ஷனும் கொடுத்தால் சார்ஜ் ஏறாதா?

நாம் கேட்க வேண்டியவை

நூல் ஆலை வந்தபோது இயந்திரத்தை உடைத்த தொழிலாளர்களைப் பற்றிச் சரித்திரத்தில் படிக்கிறோம். நம் வழி அதுவல்ல. புதிய இயந்திரத்தோடு நமக்குச் சண்டை கிடையாது. அது யார் கையில், யார் செலவில், யார் லாபத்துக்கு வருகிறது என்பதே நம் கேள்வி.

ஆகவே, ஒர்க்‌ஷாப் தொழிலாளருக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் ஐ.டி.ஐ.களில் மாலை நேரத்தில், சர்க்கார் செலவில், மின்சார வண்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும். பழுது பார்க்கத் தேவையான கருவிகளையும் விவரங்களையும் கம்பெனிகள் பூட்டி வைக்காமல் வெளியே தர வேண்டும். மானியம் வாங்கும் ஆலையில் நிரந்தரத் தொழிலாளரும் சங்க உரிமையும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். மக்கள் வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு காண்டிராக்ட் கூலி வைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆட்டோ டிரைவருக்குக் கந்து வட்டி இல்லாத பாங்குக் கடன் வேண்டும். மின்சார பஸ் கழகத்தின் சொந்த பஸ்ஸாக வர வேண்டும்.

இவற்றைக் கேட்க நமக்குக் கால அவகாசம் உண்டா? உண்டு. வாய்க்காலின் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. குளம் இன்னும் மாறவில்லை. பெட்ரோல் வண்டிகளும் டீசல் லாரிகளும் இன்னும் பல வருஷங்கள் ஓடும். அந்த வருஷங்கள் நம் கையிலுள்ள அவகாசம். ஒவ்வொரு சங்கக் கிளையும் மாதம் ஒருமுறை தன் வட்டாரத்துப் பதிவுக் கணக்கை எடுத்து வைத்துப் பேச வேண்டும். எந்த வண்டி கூடுகிறது, எது குறைகிறது, அதனால் எந்தப் பட்டறையில் எத்தனை பேருக்கு வேலை தட்டுப்படும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆலை வாசலில் பூட்டுத் தொங்கிய பிறகு கோஷம் போடுவதைவிட, பூட்டு வாங்கப் போகும்போதே வழிமறித்துக் கேட்பது சுலபம்.

அந்த வேலையை இந்த மாதமே தொடங்குவோம், தோழர்களே!