போலீஸ் எடுத்துச் சென்ற பொருள் யாருடையது?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், லயத்துக் கூரை ஒழுகல் இவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. இன்று நாம் ஒரு டிரோனைப் பற்றிப் பேசப் போகிறோம். பின்வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்கட்டும். முதலில் கேட்டபோது நாமும் சிரித்தவர்கள்தாம்.

விஷயம் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். நம் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவருடைய மகன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு வருஷ ஓவர்டைம் காசைச் சேர்த்து, ஏறக்குறைய 2,800 வெள்ளிக்கு ஒரு டிரோன் வாங்கினான். வியாபாரத்துக்கு அல்ல, கலியாண வீடியோ எடுத்துச் சம்பாதிக்கவும் அல்ல. பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். முதல் நாள் அதைத் தோட்டத்துக்கு மேலே ஏற்றி, கையிலிருந்த திரையைத் தகப்பனாரிடம் காட்டினான். 22 வருஷமாகத் தாம் வெட்டிவரும் நிரையை அந்த மனிதர் அன்றுதான் மேலிருந்து பார்த்தார். "இத்தனை மரத்தையாடா நான் தினமும் சுத்தி வர்றேன்?" என்று கேட்டாராம்.

பிறகு கோயில் திருவிழா வந்தது. ரதம் புறப்பட்ட நேரத்தில் பையன் டிரோனைக் கூட்டத்துக்கு மேலே பறக்கவிட்டான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறக்கச் சொன்னார்கள். டிரோன், அதை இயக்கும் கருவி, படம் பதியும் சிறு அட்டை மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார்கள். "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்லிப் போனார்கள். எழுத்து ஒன்றும் கொடுக்கவில்லை. பையனும் கேட்கவில்லை. மறுநாள் போகவும் இல்லை. தகப்பனார் சொன்னது இது: "போனால் போகட்டும், கேஸ் கீஸ் இல்லாமல் இருந்தால் சரி."

மூன்று வாரம் கழித்து, செக்ரோல் கையெழுத்துக்காக ஆபீசுக்கு வந்த இடத்தில், வேறு எதையோ பேசும்போது அவர் வாயிலிருந்து இது வந்தது. அந்த "போனால் போகட்டும்" என்ற பேச்சுக்காகத்தான் இன்றைய கூட்டம்.

போலீஸ் அந்தச் சாமானை எடுக்கலாமா? எடுக்கலாம். இதில் நாம் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 435ஆம் பிரிவு, ஒரு குற்றம் நடந்திருக்குமோ என்று சந்தேகிக்கக்கூடிய நிலையில் காணப்படும் எந்தப் பொருளையும் எந்தப் போலீஸ்காரரும் கைப்பற்றலாம் என்கிறது. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்பதில்லை. சந்தேகத்துக்கு இடம் இருந்தால் போதும். ஆகவே "என் காசு, என் பொருள், நீ யார் எடுக்க?" என்று அவர் கையைப் பிடித்து இழுக்கும் இளைஞன், இல்லாத குற்றத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அரசாங்க ஊழியரின் கடமைக்குத் தடை செய்வது தனிக் குற்றம். இழுக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள்.

பையன் மீது தவறு இருக்கிறதா என்றால், இருக்கிறது என்றே நமக்குப் படுகிறது. 2016ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிகளில் டிரோனுக்கென்று தனிப் பகுதி உண்டு. அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேலே ஏற்றக்கூடாது; விமான நிலைய வட்டாரத்தில் பறக்கவிடக்கூடாது. கேமரா பொருத்திய சிறிய டிரோனாக இருந்தாலும், ஆயிரம் பேருக்கு மேற்பட்ட வெளியரங்குக் கூட்டத்துக்கு 150 மீட்டருக்குள்ளும், சம்பந்தமில்லாத மனிதருக்கு 50 மீட்டருக்குள்ளும் அனுமதியின்றிப் போகக்கூடாது. திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள்? கோயில் கமிட்டி 3,000 என்கிறது. தட்டுக் காசை எண்ணியவர் 600 என்கிறார். அந்தக் கணக்கு எப்படியிருந்தாலும், ரதத்துக்குப் பக்கத்தில் 50 மீட்டர் வெற்றிடம் இருந்தது என்று எந்தப் பக்தரும் சாட்சி சொல்லமாட்டார். குழந்தையின் தலையில் அது விழுந்திருந்தால் நாம் இன்று வேறு கூட்டம் போட்டிருப்போம்.

இந்த விதிகள் ஏழைப் பையனின் ஆசையைக் கெடுக்கப் பிறந்தவையும் அல்ல. 2018 டிசம்பரில் லண்டனுக்கு அருகே காட்விக் விமான நிலையத்தில் டிரோன் தென்பட்டதாக வந்த செய்தியால் ஏறக்குறைய ஆயிரம் விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. 2019 ஜூனில் சிங்கப்பூர் சாங்கியில் ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமாயின. அதன் பிறகு எந்த அரசாங்கமும் சும்மா இருக்காது.

சிங்கப்பூர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அங்கே சட்டம் வேறு. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனை 2020 முதல் பதிவு செய்தே ஆகவேண்டும். 200 அடிக்கு மேல் போக அனுமதி வேண்டும். இங்கே படித்த பாடத்தை அங்கே ஒப்பிக்க வேண்டாம்.

இங்கேயும் ஒரு இடத்தில் மிகவும் ஜாக்கிரதை தேவை. துப்பாக்கியோடு நிற்கும் மனிதன் படம் போட்ட சிவப்புப் பலகையும் "கவாசான் லாராங்கான்" என்ற எழுத்தும் தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பற்றிய 1959ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே காத்திருக்கிறது.

இனி நம்மவர் யாரும் கேட்காத பாதிக்கு வருவோம். கைப்பற்றுவது வேறு, பறிமுதல் செய்வது வேறு. நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. "போலீஸ் எடுத்துக்கிட்டான்" என்றால் அத்தோடு போச்சு என்று பொருள் கொள்கிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. அதே சட்டத்தின் 413ஆம் பிரிவு, போலீஸ் இவ்வாறு கைப்பற்றிய பொருளைப் பற்றி உடனே ஒரு மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதை உரியவரிடம் திருப்பித் தருவதா, வைத்திருப்பதா என்று உத்தரவு போடுகிறவர் அந்த மாஜிஸ்திரேட். வழக்கு நடந்தால், முடிவில் பொருளை என்ன செய்வது என்று சொல்கிறதும் நீதிமன்றமே. வழக்குச் சாட்சியமாகச் சில மாதம் ஸ்டேஷன் அலமாரியில் அது கிடக்கலாம். ஆனால் ஸ்டேஷனுடைய சொத்தாகிவிடாது. இவை அனைத்துக்கும் மேலே நாட்டின் அரசியல் சட்டம் 13ஆம் விதியில், சட்டப்படியன்றி எந்த மனிதரின் சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை, எந்த மனிதரும் என்கிறது. நம்மோடு நிரை பிடிக்கும் வங்காளதேசத்துத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இது பொருந்தும். மொழி தெரிந்தவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அதே 413ஆம் பிரிவில் இன்னொரு வாசலும் இருக்கிறது. உரியவர் யார் என்று தெரியாவிட்டால் பொது அறிவிப்புப் போடுவார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் உரிமை கோரி நிரூபிக்காவிட்டால் பொருள் அரசாங்கத்தின் கைக்குப் போகும். அப்போது அந்த 2,800 வெள்ளியைப் பறித்தது யார்? போலீஸா? "போனால் போகட்டும்" என்று நாம் வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் அதைப் பறித்தது.

தோட்டக் கணக்கு தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, எடை எழுதும் வரைக்கும் உங்களில் யாராவது வாளியை விட்டு நகர்வீர்களா? கிராணி தலையைத் திருப்பினாலே, "என்னய்யா எழுதினே?" என்று எட்டிப் பார்ப்பீர்கள். இந்தக் கிராணியே அந்த அதட்டலை எத்தனையோ முறை வாங்கியிருக்கிறான். அரைக் கிலோ பாலுக்கு எட்டிப் பார்க்கிறவர்கள், ஒரு வருஷ ஓவர்டைமை எழுத்தில்லாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போகும்போது ஏன் கேட்கவில்லை?

காரணம் நமக்குத் தெரியாததல்ல. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் தோட்டத்து வாசலில் நின்ற சோதனையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று, மரம் வெட்டப் போகிறவரின் பையையும் மடியையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். எத்தனையோ லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். சோற்றுப் பொட்டலத்தைப் பறித்தால், "ஏன்?" என்று கேட்டவர் அன்று மாலை வீடு திரும்புவாரா என்பது நிச்சயமில்லை. அந்தப் பயம் வேலி போன பிறகும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று வேலியும் இல்லை, அந்த அவசரகால விதிகளும் இல்லை. நாம் மட்டும் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அது போகட்டும். நாம் செய்ததைச் சொல்கிறோம். தகப்பனார், மகன், கிளைச் செயலவையிலிருந்து இருவர், ஆக நால்வர் ஒரு சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனோம். டிரோன் வாங்கிய ரசீது, பெட்டியில் அச்சிட்ட வரிசை எண், பையனின் அடையாளக் கார்டு, மலாயில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் இவ்வளவும் கையில் இருந்தன. கடிதத்தில் வாதம் ஒன்றுமில்லை. எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்னென்ன எடுக்கப்பட்டன, உரிமையாளர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறீர்கள், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாயிற்றா, விசாரணை அதிகாரி யார் என்று கேட்டிருந்தோம்.

அதிகாரி மரியாதையாகவே பேசினார். முதலில் அவர் கேட்டது, "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்பதுதான். நம்மிடம் பதில் இல்லை. மாஜிஸ்திரேட்டைப் பற்றிய கேள்விக்கு அவர் கோப்பைத் திறந்தார், இரண்டு தாளைப் புரட்டினார், மூடினார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் போட்டு வாங்கிக்கொண்டோம்.

பையனிடம் வாக்குமூலம் கேட்டார்கள். கூட்டத்துக்கு மேலே பறக்கவிட்டது உண்மை. ஆகவே பொய் சொல்லாதே என்று சொல்லியிருந்தோம். அதே சமயம், தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க 112ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்லியிருந்தோம். கைதானால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை வக்கீலை இலவசமாகக் கேட்கக் குடிமக்களுக்கு வழியுண்டு; 2012 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த அவசியம் இங்கே வரவில்லை. படம் பதிந்த அட்டையைப் பற்றிப் பையனுக்குத் தான் பெரிய கவலை. சட்டப்படி சோதனை நடத்தும் அதிகாரி இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருந்தால், கணினிப் பதிவுகளைப் பார்க்கவும் அதற்கான ரகசிய எண்ணைக் கேட்கவும் 116பி பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே, வெட்கப்படும்படியான படம் எதையும் எடுக்காதிருப்பதே மேல் என்று அங்கேயே அவன் காதில் போட்டோம். லயத்துப் பின்கட்டில் பெண்கள் குளிக்கும் இடம் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம் என்றும் சொன்னோம். சகோதரிகள் தலையசைப்பதைப் பார்க்கிறோம். இந்தப் புகார் நமக்கு முன்பே வந்திருக்கிறது.

வீடு புகுந்து சோதனை போட்டு எடுத்தால் இன்னும் தெளிவான விதி உண்டு. எடுத்த பொருள் அத்தனைக்கும் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வீட்டிலிருப்பவர் கேட்டால் நகல் தரவேண்டும். கேட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காவிட்டால் நகல் இல்லை. அதிகாரி முறைதவறி நடந்ததாக உறுதியாகத் தெரிந்தால், 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கு எழுதலாம். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே ஓடவேண்டாம். முதலில் ஸ்டேஷன் மேஜைக்கு முன்னால் நின்று மரியாதையாகக் கேளுங்கள்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது போலீஸார் தாங்களே டிரோன் பறக்கவிட்டு நம்மைக் கண்காணித்ததை நினைத்துச் சிலருக்குச் சிரிப்பு வரும். நமக்கும் வந்தது. ஸ்டேஷனில் அதைச் சொல்லவில்லை.

இன்றைய நிலவரம் இது. திங்கட்கிழமை தகப்பனாரே தொலைபேசியில் கேட்டார், நாம் கேட்கவில்லை. பொருள் மாஜிஸ்திரேட்டின் கவனத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும், வழக்கா இல்லையா என்பதை அரசாங்க வழக்கறிஞர் முடிவு செய்வார் என்றும் சொன்னார்களாம். அபராதம் வரலாம். டிரோன் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். தகப்பனார் அன்றைக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய நிரையை அன்று யார் வெட்டுவது என்று தண்டல் கேட்கிறார். கூட்டம் கலையுமுன் யாராவது ஒருவர் பெயர் கொடுங்கள். வீட்டில் டிரோன் வைத்திருக்கும் பிள்ளைகள் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு நாளை மாலை ஆறு மணிக்கு மேல் ஆபீசுக்கு வரட்டும். வரிசை எண்ணைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறோம்.