தோலில் பூசும் புரதம்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



முகப்பூச்சைப் பற்றிப் பேசுவதற்கு வாலிபர் சங்கத்து மேடைதானா கிடைத்தது என்று பின்வரிசையிற் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. ஆயினும் சவர்க்காரம் தொடாத கை இச்சபையில் ஒன்றேனும் இராது. அத்துணிவிலேதான் பேச வந்தேன்.

இற்றைநாளில் முகப்பூச்சுக்களிலும் தலைமுழுகும் திரவங்களிலும் புரதம் சேர்ந்திருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். பட்டுப் புரதம், பாற்புரதம், கோதுமைப் புரதம், கொலாசன் எனப் பெயர்கள் பல. இவற்றுட் சில நீரில் எளிதிற் கரையமாட்டா. ஆதலால் அமிலத்தாலோ நொதியத்தாலோ துண்டுதுண்டாக்கிச் சேர்க்கிறார்கள். இதையே நீர்ப்பகுப்புச் செய்த புரதம் என்கிறோம். அது தோலின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். மென்மை அந்த ஈரத்தினால் வருவதே. 'தோலுக்கு உணவூட்டுகிறது' என்பது வியாபாரிகளின் கவிதை.

"நாம் தின்னும் பொருள்தானே, தோலுக்கு என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடையை யப்பான் நாட்டு மக்கள் பெருந்துன்பப்பட்டு அறிந்தார்கள்.

அங்கே 2004ஆம் ஆண்டு முதல் 'சா நோ சிசுக்கு', அதாவது 'தேயிலைத் துளி', என்னும் முகங்கழுவுஞ் சவர்க்காரம் விற்பனையாயிற்று. 2010 வரையில் அதை வாங்கியோர் 46 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அதில் நூற்றுக்கு 0.3 பங்கு நீர்ப்பகுப்புச் செய்த கோதுமைப் புரதம் இருந்தது. சில காலத்தின் பின் வைத்தியர்களிடம் ஒரு புதுவகை நோயாளர் வரத் தொடங்கினர். பெரும்பாலார் பெண்கள். பிறந்த நாள் தொட்டுப் பாணும் கோதுமை மாச்சேமியாவும் உண்டு வளர்ந்தவர்கள். ஒருநாளும் ஒரு குறையும் கண்டதில்லை. இப்போதோ பாண் தின்றுவிட்டுச் சற்று நடந்தாலும் வேலை செய்தாலும் கண்மடல்கள் வீங்கின, உடம்பெங்கும் தடிப்பு எழுந்தது, மூச்சு முட்டியது. குருதியமுக்கம் வீழ்ந்து மயங்கியவர்களும் உளர். 2010 ஒக்டோபரில் அந்நாட்டு அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது. 2011 மே மாதத்தில் அச்சவர்க்காரம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2014 ஒக்டோபர் வரையில் நோய் உறுதிசெய்யப்பட்டோர் 2,111 பேர்.

தின்றபோது நன்மை செய்த கோதுமை, பூசியபோது பகையானது எப்படி? குடலின் வழியாக வரும் உணவுப் புரதத்தைப் பொறுத்துக்கொள்ள உடல் பழகுகிறது. சேதமுற்ற தோல் வழியாகவும், கண், மூக்கு ஆகியவற்றின் ஈரச்சவ்வு வழியாகவும் நுழைவதை அது பெரும்பாலும் பகையாகவே கொள்கிறது. சாதாரண நிலையில் தோல் நல்ல மதில்; பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. ஆனால் சவர்க்காரமோ அந்த மதிலின் கொழுப்பையே கழுவுவது. நாள்தோறும் நுரைத்துக் கண்ணோரத்திலே தேய்த்தால் வழி திறந்துவிடுகிறது. மேலும், அமிலமும் வெப்பமும் கோதுமைப் புரதத்தை வெட்டியதோடு நில்லாமல் அதன் குளுற்றமீனிற் பலவற்றைக் குளுற்றமிக் அமிலமாக மாற்றிவிட்டன. ஆகவே உடல் கண்டது பழகிய கோதுமையை அன்று. அதன் சாயலுள்ள வேறொன்றை. அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்கிற்று. பின்பு பாண் வந்தபோது அவை பாணையும் பற்றிக்கொண்டன.

அப்படியானால் புரதம் சேர்ந்த யாவும் நஞ்சா? அன்று. இங்கேதான் அளவு என்னும் விடயம் வருகிறது. ஒவ்வாமைக் கலத்தின் மேல் நிற்கும் பிறபொருளெதிரிகள் இரண்டை ஒரே துண்டு ஒருங்கே பற்றினாற்றான் அக்கலம் இசுற்றமினைக் கக்கும். இரண்டு கட்டைகளையும் எட்டாத கயிறு எதைக் கட்டும்? ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்களுக்குக் குறைந்த துண்டு அவ்வாறு எட்டாது என்பது ஆய்வாளர் கணிப்பு. இதனாலேதான் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல், பூச்சுக்களிற் சேரும் கோதுமைப் புரதத் துண்டுகளின் சராசரி மூலக்கூற்று நிறை 3,500 தாற்றனுக்கு மேற்படலாகாது என்று விதித்தது. யப்பானியச் சவர்க்காரத்திலிருந்தவையோ பல பதினாயிரம் தாற்றன் நிறையுள்ளவை. பெயர் ஒன்று, பொருள் வேறு.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. பூச்சுக்களிலுள்ள இத்தகைய கோதுமைப் புரதத்தால் ஒவ்வாமை வந்த பெண்களைப் பற்றிப் பிரான்சிய ஆய்வாளர்கள் 2006இலேயே எழுதியிருந்தார்கள். அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள் அச்சவர்க்காரம் விற்பனையாயிற்று.

தாய்மாருக்கும் ஒரு செய்தி உண்டு. 2003இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, அழற்சியுற்ற தோலிலே நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுத் தடவப்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டதாகக் கூறியது. கரப்பன் கண்ட குழந்தையின் புண்ணிலே உணவுப் பொருளைப் பூசுமுன் வைத்தியரைக் கேட்பது நல்லது. புண்ணில்லாத தோலுக்குப் பயற்றமா தேய்க்கும் பெரியோர்களோடு நான் வழக்காட வரவில்லை.

புதிய பூச்சைக் கையிலே தடவி ஒருநாள் பார்த்தாற் போதும் என்பார்கள். எரிச்சலை அது காட்டலாம். இந்த ஒவ்வாமையைக் காட்டாது. யப்பானியப் பெண்கள் பல மாதங்களும் ஆண்டுகளும் யாதொரு குறையுமின்றி முகங்கழுவிய பின்னரே நோய்ப்பட்டார்கள். பெட்டியின் புறத்தே பொடியெழுத்தில் 'ஐதரோலைஸ்ட் வீற் புரோற்றீன்' என்றிருக்கும். துண்டுகளின் அளவு அங்கே எழுதப்படுவதில்லை. கோதுமை ஒவ்வாதவர்களும் தோல் வெடித்தவர்களும் அதை விட்டுவிடுதல் தகும். மற்றவர்கள் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பாண் தின்று மைதானத்துக்குப் போன ஒருவருக்குக் கண்மடல் வீங்கினால், வைத்தியரிடம் என்ன தின்றார் என்பதோடு எந்தச் சவர்க்காரத்தால் முகங்கழுவுகிறார் என்பதையும் சொல்லுங்கள். யப்பானில் அச்சவர்க்காரத்தை நிறுத்திய பின் பலருக்கு ஒவ்வாமை மெல்ல மெல்லத் தணிந்தது. சிலர் மீண்டும் பாண் உண்ணவும் தொடங்கினர்.