ஓட்டமும் பளுவும்



மதுரையைச் சுற்றியுள்ள பழைய ஊர்கள் சிலவற்றின் மந்தையில் வழுவழுப்பான உருண்டைக் கல் ஒன்று கிடப்பதைக் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். பற்றிக்கொள்ள விளிம்போ கைப்பிடியோ அதற்கு இல்லை. குந்தியமர்ந்து, இரு கைகளாலும் அணைத்து முழங்காலுக்கு ஏற்றி, மார்போடு சேர்த்து நிமிர்ந்து, தோளுக்கு உயர்த்திப் பின்புறமாக வீசுதல் வேண்டும். தூக்கியவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்றொரு பேச்சு உண்டு. அவ்வாறு எத்தனை திருமணங்கள் நடந்தனவோ, அந்தக் கல்லுக்குத்தான் வெளிச்சம்!

இக்கல்லின் பெருமையைப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அதைத் தூக்கிய இளைஞன் கல்லைத் தூக்குவதொன்றையே செய்துகொண்டிருந்தவன் அல்லன். விடியுமுன் கமலை மாடுகளை ஓட்டி முன்னும் பின்னும் நடந்தவன். பகலெல்லாம் ஏரின் பின்னே சென்றவன். மாலையில் ஊர்ப் பொட்டலில் சடுகுடு ஆடியவன். பாடிச் செல்பவன் மூச்சு விடாமல் எதிரணியின் எல்லைக்குள் புக வேண்டும். பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட வேண்டும். மூச்சும் தசையும் ஒருங்கே சோதிக்கப்படும் விளையாட்டு அது. பின்னர் மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தன. கமலையும் ஏரும் போயின. அவற்றோடு நடையும் போயிற்று.

இன்று நம் இளைஞர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு கட்சி உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைத் தூக்குகிறது. ஓடினால் திரண்ட தசை கரைந்துவிடும் என்று அஞ்சுகிறது. மற்றொரு கட்சி வைகறையில் மைதானத்தைச் சுற்றுகிறது. பளு தூக்கினால் உடல் கனத்து வேகம் குன்றும் என்று நம்புகிறது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு நாள் காலையில், மல்லனைப் போன்ற தோள்களையுடைய இளைஞர் ஒருவர் மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதை நான் கண்டேன். அவரைக் கடந்து ஓடிய மெலிந்த தோழர் சற்று நேரத்திற்குப் பின் கயிற்றில் இரண்டு பிடி ஏறியதும் தொங்கிவிட்டார். இருவரும் காவலர் தேர்வுக்காகப் பயில்பவர்கள்.

அத்தேர்வை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் கொண்ட ஒரு சுற்றுக்கு 112 விநாடி என்பது கணக்கு. தேறியவரை அடுத்துக் காத்திருப்பது கயிறு. ஒரு குடும்பத்தின் பிழைப்பு இவ்விரண்டையும் பற்றி நிற்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். ஆகவே, இரண்டையும் ஒருவர் சேர்த்துச் செய்யலாமா என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று.

இதனை 1980ஆம் ஆண்டில் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்தார். ஒரு குழு பளு மட்டும் தூக்கியது. ஒரு குழு இதயத்துக்கும் மூச்சுக்கும் உரிய பயிற்சியை மட்டும் செய்தது. மூன்றாம் குழு இரண்டையும் செய்தது. பத்து வாரம் நடந்த சோதனையில், மூன்றாம் குழுவின் வலிமை ஏறத்தாழ ஏழு வாரம் வரை ஏறி, பின்பு நின்று, இறுதியில் சரிந்தது. அவர்களுடைய மூச்சுத் திறனோ சிறிதும் குறையவில்லை. ‘பார்த்தீர்களா!’ என்று பளுக் கட்சியினர் மகிழ்ந்தனர். ஆனால் அக்குழுவினர் வாரத்தில் ஐந்து நாள் பளுவும் ஆறு நாள் கடும் மூச்சுப் பயிற்சியும் செய்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அமாவாசையன்று உழவு மாட்டுக்கு ஓய்வு கொடுத்த நாட்டில் பிறந்த நமக்கு இதன் காரணம் விளங்காமற் போகுமா? பிற்கால ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2022இல் வெளியான ஆராய்ச்சி, இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியோ முழு வலிமையோ குறைவதில்லை என்று காட்டியது. ஒரே அமர்வில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும்போது, வெடித்தெழும் விரைவு வலிமை மட்டும் ஓரளவு மட்டுப்படலாம்.

உடலின் போக்கும் இதற்கு இயைந்ததே. நெடுநேரம் ஓடிப் பழகியவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்துகிறது. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பளு தூக்குபவருக்கோ முதலில் நரம்புகள் தசை நார்களை ஒருசேர ஏவக் கற்கின்றன. நார்கள் தடிப்பது அதற்குப் பின்னரே. இவ்விரண்டு மாறுதல்களும் ஒரே உடம்பில் குடியிருக்கக் கூடியவை. இடையில் உணவும் உறக்கமும் தேவை, அவ்வளவே.

மாணவிகள் இது ஆடவர் கதை என்று வாளாவிருக்க வேண்டா. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பிறந்து, காலணியின்றி ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் 4 × 400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். 400 மீட்டர் ஓட்டத்தில் புறப்படுவதற்குத் தொடையின் வலிமை வேண்டும். கடைசி நூறு மீட்டருக்கு மூச்சு வேண்டும்.

சரி, எவ்வாறு தொடங்குவது? உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி, பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் உரமாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. பதினெட்டைக் கடந்தவர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமும், இரண்டு நாளேனும் தசைப் பயிற்சியும் போதும். திங்களும் வியாழனும் தண்டால், பஸ்கி, பளு. செவ்வாயும் சனியும் ஓட்டம். ஞாயிறு முழு ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டையும் செய்ய நேர்ந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரிப்பது நலம். அதற்கும் வழியில்லையேல், எது உங்களுக்கு முதன்மையோ அதை முதலில், களைப்பு ஏறுமுன் முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டத்தை ஆறு மணிக்குள் தொடங்குவது நல்லது. வலிக்கும் மூட்டோடு எடையைக் கூட்டலாகாது. பயிற்சிக்குப் பின் விலையுயர்ந்த பொடிகளை வாங்க வேண்டுமென்பதில்லை. சுண்டலும் முட்டையும் வேர்க்கடலையும் நம் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. கயிறு கிடைக்காதவர்கள் உறுதியான கிளையொன்றில் தொங்கி, மோவாய் கிளைக்கு மேல் எழும்வரை உடலை இழுத்துப் பழகலாம். முதல் வாரத்தில் ஒருமுறைகூட எழாமற் போகலாம்; அப்போது குதித்துப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்குவதே பயிற்சி.