தக்காணத்தில் திராட்சை: தட்பவெப்பமும் மண்ணும்

ஒயினுக்குப் பெயர்பெற்ற பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் திராட்சைத் தோட்டங்கள், வட அட்சரேகை 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் இடைப்பட்ட மிதவெப்ப மண்டலத்தில் அமைந்தவை. மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டமோ 20-ஆவது அட்சரேகையையொட்டி, வெப்ப மண்டலத்தில் உள்ளது. எனினும் இந்தியாவில் ஒயின் திராட்சை மிகுதியாக விளையும் இடம் அதுவே. இஃது எவ்வாறு இயன்றது?

ஐரோப்பாவில் கொடியின் ஆண்டுச் சுழற்சியைக் குளிர்காலம் வகுக்கிறது. கடுங்குளிரில் இலையுதிர்த்து உறங்கும் கொடி வசந்தத்தில் துளிர்க்கிறது. தக்காணத்தில் அத்தகைய உறக்கம் இல்லை; குளிர்காலத்தின் பணியை அங்கே உழவரின் கத்தரிக்கோல் ஆற்றுகிறது. ஏப்ரலில் முதற் கவாத்து செய்யப்படுகிறது. அதையடுத்த கோடை வெயிலில், புதுக் கிளைகளின் மொட்டுக்கள் காய்க்கும் திறனைப் பெறுகின்றன. பருவமழை தணியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டாம் கவாத்து. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பழம் முதிரும் இக்காலத்தில் மழை அரிது. பகல் வெயில் பழத்தில் இனிப்பைச் சேர்க்கிறது; இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. ஒயினின் தரம் இவ்விரண்டின் சமநிலையைப் பெரிதும் சார்ந்தது. கடல்மட்டத்திற்குமேல் சுமார் 600 மீட்டர் உயரம் இரவுக் குளிருக்குத் துணைபுரிகிறது.

மண்ணின் பங்கும் சிறிதன்று. நாசிக் பகுதியின் மண் எரிமலைப் பாறையிலிருந்து உருவானது. சரிவுகளில் அது ஆழம் குறைந்து, கல் கலந்து, நீரை எளிதில் வடியவிடும். தாழ்நிலங்களின் ஆழ்ந்த கரிசலோ நீரைத் தேக்கி வேரை நலியச் செய்யும். பாசன நீரின் உப்பும் அதில் தங்கிவிடும். எனவே வறட்சியையும் உப்பையும் தாங்கும் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடிகளில் திராட்சை ஒட்டுக்கட்டப்படுகிறது. மேட்டுப்பாத்தியும் சொட்டுநீர்ப் பாசனமும் கையாளப்படுகின்றன. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் நிலைமை வேறு. அங்குள்ள செம்மண் நீரை வடியவிடுகிறது, தட்பவெப்பமும் மிதமானது. அங்கே பெங்களூர் புளூ வகை ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. ஓரிடத்தின் முறையை மற்றோரிடத்திற்கு அப்படியே பெயர்த்துவிட இயலாது என்பதற்கு இதுவே சான்று.

இச்சாகுபடியின் இடர் கவாத்து நாளிலேயே தொடங்குகிறது. முந்திக் கவாத்து செய்தால், பின்தங்கிய மழையில் இளந்தளிரை அடிச்சாம்பல் நோய் தாக்கும். பிந்திச் செய்தால், பழம் மார்ச் வெப்பத்திலும் ஆலங்கட்டி மழையிலும் சிக்கும். 2014 மார்ச்சில் பெய்த ஆலங்கட்டி மழை மகாராஷ்டிரத் தோட்டங்களுக்குப் பெரும் சேதம் விளைவித்தது.

சந்தையின் இடரும் உண்டு. மகாராஷ்டிர அரசு 2001-ஆம் ஆண்டில் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கை வகுத்து ஊக்கமளித்தது, சாகுபடி பரவியது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தையொட்டித் தேவை குறைந்தபோது, உழவர் பலர் கொடிகளையே பிடுங்க நேர்ந்தது. சிறிய, விதை மிகுந்த ஒயின் திராட்சையை உண்பதற்கென விற்பது அரிது. ஆலை வாங்க மறுத்தால் வேறு போக்கிடம் இல்லை.

திராட்சைக் கொடி பல்லாண்டுப் பயிர். நட்டபின் திருத்துவது கடினம். ஆதலின் நடுவதற்கு முன்னரே மண் ஆய்வும், ஆலையுடன் எழுத்துமூல ஒப்பந்தமும், பயிர்க் காப்பீடும் உறுதி செய்யப்படுதல் வேண்டும். எங்கே விளையும் என்பதை மண்ணும் வானமும் தீர்மானிக்கலாம். இழப்பை யார் சுமப்பது என்பதைத் தீர்மானிப்பது திட்டமிடுவோரின் பொறுப்பாகும்.