சொன்ன சொல் நிக்கணும்!



எதிரணி அம்மா சொன்னாங்க: 'லைவ் சாட்டிலே கேட்டா அரை நொடியிலே பதில் வருது, வாடிக்கையாளருக்கு அதுதான் திருப்தி'ன்னு. பதில் வருதும்மா, சரியான பதில் வருதா?

கனடாவிலே 2022 நவம்பரில் ஒருவருடைய பாட்டி இறந்துபோனாங்க. துக்கத்துக்குப் போறவங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டான்னு ஏர் கனடா சாட்பாட்டிலே கேட்டார். 'டிக்கெட் எடுத்து 90 நாளுக்குள்ள விண்ணப்பிக்கலாம்'னு அது சொல்லிச்சு. நம்பி முழுக் கட்டணம் கட்டிப் போனார். அப்புறம் கேட்டா, 'பயணம் முடிஞ்ச பிறகு சலுகை கிடையாது'ன்னுட்டாங்க!

தீர்ப்பாயத்துக்குப் போனார். கம்பெனி சொல்லுது, 'சாட்பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லை'. கல்லாவிலே இருக்கிற பையன் சொன்ன விலைக்கு முதலாளி பொறுப்பில்லைன்னா நம்ம ஊர்ல விடுவாங்களா, ஐயா? (கைதட்டல்) 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயமும் விடலை. வட்டி, கட்டணம் உட்பட 812 கனடா டாலர் கொடுக்கச் சொல்லிடுச்சு.

'தெரியலைங்க, விசாரிச்சுச் சொல்றேன்'னு ஒரு மனுஷன் பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருந்தா, இந்த வழக்கே வந்திருக்காதே!

ஆகவே, வாடிக்கையாளருக்கு மனநிறைவு தருவது வேகமல்ல, நம்பத் தகுந்த பேச்சே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.