தார் வெட்டிய வாழை குப்பை இல்லை!

(போடிநாயக்கனூர் விவசாயிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மேலே குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டுச் சரிவுகளில் ஏலம், காபி, மிளகு. கீழே வாழை, தென்னை, இலவம். விளைஞ்சதை விற்கவே படாதபாடு படுறோம், இதுல கழிவைப் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் கேக்கலாம். காரணம் இருக்கு.

ஒரு ஏக்கரில் ஆயிரம் வாழைக்கு மேல் நிற்கிறது. தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து அப்புறப்படுத்த நாம்தான் கூலி கொடுக்கிறோம். போன வெள்ளாமையில் சிலர் வந்து, "தோட்டத்தைச் சுத்தம் பண்ணித் தர்றோம்" என்று மரத்தைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனார்கள். நாமும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டோம். அந்த மரத்துக்குள்ளேதான் துணி இருக்கிறது தோழர்களே!

வாழை நாரின் பலத்தை நமக்கு யாரும் புதுசாச் சொல்ல வேண்டியதில்லை. பூக்கட்டும் அக்காமார்களைக் கேட்டால் போதும். சென்னைப் பக்கம் அனகாபுத்தூர் நெசவாளர்கள் அந்த நாரை முடிச்சுப் போட்டு நீட்டி, பருத்தி, பட்டு நூலோடு சேர்த்துச் சேலையே நெய்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நார் பிரிக்கும் முறைகளை ஆராய்ந்து பயிற்சியும் தந்திருக்கிறது. நம் தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடுகிறது. நாரும் இங்கே, தறியும் இங்கே. நடுவில் சின்ன விவசாயிக்கு எட்டுகிற ஓர் ஏற்பாடுதான் இல்லை.

காபிச் சக்கையிலும் துணி வருதாமே என்று மலைத் தோழர்கள் கேட்கிறார்கள். தைவானில் சிங்டெக்ஸ் என்ற கம்பெனி, காபி வடித்த சக்கையைச் சேர்த்து நூல் தயாரிப்பது உண்மை. ஆனால் அதில் சக்கை கொஞ்சம், பாலியஸ்டர்தான் மிச்சம். அதுவும் கடையில் மிஞ்சுகிற சக்கை. நம்மிடம் மிஞ்சுவது பழத்தோல். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை தேறும். தோல் ஓடையில் கலக்காமல் உரக்குழிக்குப் போகட்டும், அதுவே லாபம். காபித் தோலில் நூல் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துடாதீங்க.

வாழைக்கு வருவோம். நூறு கிலோ மரத்தில் காய்ந்த நார் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. மீதியெல்லாம் தண்ணீரும் சக்கையும். தண்ணீரை லாரியில் ஏற்றி வெளியூர் ஆலைக்கு அனுப்பினால் வாடகையிலேயே காசு கரைந்துவிடும். வாழைக்கு உயிரான சாம்பல் சத்தும் மரத்தோடு போய்விடும். அடுத்த போகத்துக்குப் பொட்டாஷ் மூட்டையைக் காசு கொடுத்து வாங்குவது யார்? நாம்தானே!

அதனால்தான் சொல்கிறோம்: வாழை ஆலைக்குப் போகக் கூடாது, இயந்திரம் தோட்டத்துக்கு வரணும். உழுவை இயந்திரம் வாடகைக்குக் கிடைப்பதுபோல நார் பிரிக்கும் இயந்திரமும் கூட்டுறவு மூலம் ஊர் ஊராக வரட்டும். சக்கை நம் மண்ணிலேயே கிடக்கட்டும். நார் பிரிக்கும் வேலை நம் ஊர்ப் பெண்களுக்கு, நியாயமான கூலியோடு. நாருக்கு அரசு விலை வைக்கணும். கைத்தறிச் சங்கங்கள் அதை நேரடியாக வாங்கணும்.

தேனி கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகிறோம். வர்றவங்க ஆளுக்கு ஒரு வாழைப்பட்டையைக் கையோடு எடுத்துட்டு வாங்க.